இதயத்தில் ஒளிந்திருக்கும் இரும்பைக் காட்டிக்கொடுக்கும் காந்தம்

என் படிவம் 4 வகுப்பில் தாலசீமியா இரத்தப் பரிசோதனைக்கான பெற்றோர் ஒப்புதல் படிவங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் கையை உயர்த்தினார்.

“சார், இந்த நோய் இருந்தாலும் ரத்தம் ஏத்திக்கிட்டா சரியாப் போயிடும்தானே? அப்புறம் எதுக்கு டெஸ்ட்?”

வகுப்பில் சிலர் தலையாட்டினார்கள். கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. இரத்தம் ஏற்றினால் தாலசீமியா நோயாளி உயிர் வாழ்கிறார். ஆனால், அதே இரத்தம் அவர் உடலுக்குள் இன்னோர் ஆபத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்த ஆபத்தின் பெயர் இரும்பு. அது இதயத்துக்குள் சத்தமில்லாமல் சேரும். அதைக் கத்தியும் ஊசியும் இல்லாமல் அளக்க மருத்துவர்கள் ஒரு பெரிய காந்தத்தைப் பயன்படுத்துகிறார்கள். மாணவர்களே, இந்த வாரம் அந்தக் காந்தத்தின் கதையைப் பார்ப்போம். உயிரியல், இயற்பியல், கணிதம் மூன்றும் இதில் ஒன்றாகக் கைகோக்கின்றன.

இரத்தத்தோடு வரும் இரும்பு

நம் சிவப்பணுக்களில் இருப்பது ஹீமோகுளோபின். அதுதான் நுரையீரலிலிருந்து ஆக்சிஜனைச் சுமந்து உடல் முழுவதும் கொண்டு செல்கிறது. ஒவ்வொரு ஹீமோகுளோபின் மூலக்கூறிலும் இரண்டு ஆல்ஃபா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் உள்ளன. நடுவில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ள 4 இரும்பு அணுக்கள் இருக்கின்றன.

பீட்டா சங்கிலியைச் செய்வதற்கான மரபணு 11-ஆம் குரோமோசோமில் உள்ளது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என நமக்கு இரண்டு பிரதிகள். ஒன்றில் மட்டும் பழுது இருந்தால் நீங்கள் ‘கடத்தி’. உங்களுக்கு நோய் இல்லை. மற்றவர்களைப் போலவே ஓடலாம், ஆடலாம். இரண்டு பிரதிகளிலும் கடுமையான பழுது இருந்தால் அது பீட்டா தாலசீமியா மேஜர். உடலால் போதிய ஹீமோகுளோபினைச் செய்ய முடியாது. குழந்தைக்குச் சில மாதங்கள் ஆனதுமே வெளிறிப்போகும், பால் குடிக்கவே களைப்படையும். அதன்பின் வாழ்நாள் முழுவதும், பெரும்பாலும் 2 முதல் 5 வாரங்களுக்கு ஒரு முறை, இரத்தம் ஏற்ற வேண்டும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஏற்றப்படும் ஒரு பை சிவப்பணுவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு 4 வாரங்களுக்கு ஒரு முறை 2 பைகள் ஏற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு 13 முறை, அதாவது 26 பைகள்.

26 × 200 = 5,200 மில்லிகிராம்.

5 கிராமுக்கும் சற்று அதிகம். ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றுகிறதா? ஆரோக்கியமான ஒரு பெரியவரின் உடல் முழுவதும் உள்ள மொத்த இரும்பே சுமார் 4 கிராம்தான். நடுத்தர அளவு ஆணி ஒன்றின் எடை. தாலசீமியா நோயாளிக்கு ஒவ்வோர் ஆண்டும் அதைவிட அதிகமான இரும்பு உள்ளே வருகிறது.

கதவு உண்டு, வெளியேறும் வழி இல்லை

அதிகமாக உப்பு சாப்பிட்டால் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. அதிகமாகத் தண்ணீர் குடித்தாலும் அப்படியே. இரும்பை வெளியேற்றவோ நம் உடலில் தனி ஏற்பாடு எதுவும் இல்லை. தோல் உதிர்வதிலும் குடல் செல்கள் உதிர்வதிலும் ஒரு நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம் போகிறது. அதே அளவைத்தான் உணவிலிருந்து குடல் உறிஞ்சிக்கொள்கிறது. வரவும் செலவும் சமம்.

இந்தக் கணக்கில் இரத்தப் பையின் வழியாக 400 மில்லிகிராம் திடீரென நுழைந்தால் என்ன ஆகும்? இரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் நிரம்பிவிடுகிறது. மிஞ்சிய இரும்பு முதலில் கல்லீரலுக்குப் போய்ச் சேர்கிறது. பிறகு ஹார்மோன் சுரப்பிகளுக்குச் செல்கிறது. அதனால்தான் சில நோயாளிகளின் வளர்ச்சி தடைபடுகிறது, பருவமடைதல் தள்ளிப்போகிறது. கணையத்தில் சேர்ந்தால் நீரிழிவு வருகிறது. அடுத்தது இதயத் தசை.

வெளியே கிடக்கும் இரும்பு துருப்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடலுக்குள் நடப்பது அதற்கு உறவுமுறைதான். கட்டுப்பாடின்றித் திரியும் இரும்பு, செல்களில் இயல்பாக உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற தீவிரமான துகளை உருவாக்குகிறது. அது செல்லின் சவ்வையும் மரபணுப் பொருளையும் தாக்குகிறது. இதயத் துடிப்பு தாளம் தவறுகிறது. இரத்தத்தை வெளித்தள்ளும் வலிமை குறைகிறது. தாலசீமியா மேஜர் நோயாளிகளின் மரணத்துக்கு நீண்ட காலமாக முதல் காரணமாக இருந்தது இந்த இதயச் செயலிழப்புதான்.

இதில் கொடுமை என்னவென்றால், இதயம் கடைசி நேரம் வரை நன்றாகவே துடிப்பதுபோல் தெரியும். அறிகுறி தோன்றும்போது காலம் கடந்திருக்கும்.

பழைய அளவுகோல்கள் ஏன் போதவில்லை?

முதல் வழி இரத்தப் பரிசோதனை. ஃபெரிட்டின் என்பது செல்லுக்குள் இரும்பைச் சேமித்துவைக்கும் புரதம். அதில் சிறிதளவு இரத்தத்திலும் இருக்கும். அதை அளந்தால் உடலின் இரும்பு இருப்பை ஓரளவு ஊகிக்கலாம். பரிசோதனை மலிவானது, அடிக்கடி செய்யலாம். ஆனால் காய்ச்சலோ கிருமித் தொற்றோ வந்தால் இரும்பு கூடாமலேயே ஃபெரிட்டின் ஏறிவிடும். அதைவிட முக்கியம், இரும்பு எந்த உறுப்பில் இருக்கிறது என்பதை அது சொல்லாது. வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று தெரிகிறது, யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்பதுபோல.

இரண்டாவது வழி, ஊசி செலுத்திக் கல்லீரலிலிருந்து சிறு துண்டை எடுத்து ஆய்வுக்கூடத்தில் இரும்பை அளப்பது. இது துல்லியம்தான். ஆனால் வலி, இரத்தக் கசிவு அபாயம் உண்டு. கல்லீரலில் இரும்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது. எடுத்த துண்டில் குறைவாக இருந்தால் கணக்கும் தவறும். ஆண்டுதோறும் ஒரு சிறுவனுக்கு இதைச் செய்ய எந்தப் பெற்றோருக்கு மனம் வரும்? இதயத்திலிருந்து துண்டு எடுப்பது இதைவிடச் சிக்கலானது.

ஆகவே, வெளியிலிருந்தே உள்ளே பார்க்கும் ஒரு கண் தேவைப்பட்டது.

அணிவகுப்பும் அந்நிய மேளமும்

எம்.ஆர்.ஐ. என்னும் காந்த அதிர்வுப் படக்கருவியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதை உருவாக்கியதில் முக்கியப் பங்காற்றிய பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் 2003-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. காந்தப்புலமும் வானொலி அலையும் மட்டுமே.

நம் உடலில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன். ஹைட்ரஜனின் கருவான புரோட்டான் ஒரு குட்டிக் காந்தம்போல் நடந்துகொள்ளும். மருத்துவமனைகளில் பரவலாக உள்ள கருவியின் காந்த வலிமை 1.5 டெஸ்லா. திசைகாட்டியின் முள்ளைத் திருப்பும் பூமியின் காந்தப்புலத்தைவிட இது 30,000 மடங்குக்கும் அதிகம். இந்தப் புலத்துக்குள் நோயாளி படுத்ததும் புரோட்டான்கள் ஓர் ஒழுங்குக்கு வருகின்றன. அப்போது சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையை ஒரு கணம் செலுத்துகிறார்கள். நாம் கேட்கும் எப்.எம். வானொலி 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. இது அதற்குச் சற்றுக் கீழே. இந்த அலை பட்டதும் புரோட்டான்கள் சாய்ந்து, எல்லாம் ஒரே தாளத்தில் சுழலத் தொடங்குகின்றன. அந்தச் சுழற்சியிலிருந்து ஒரு சிறு சமிக்ஞை கிளம்புகிறது. அதைப் பிடித்துத்தான் கணினி படம் வரைகிறது.

பள்ளி விளையாட்டுப் போட்டியின் தொடக்க நாளில் சீருடை இயக்கத்தினரின் அணிவகுப்பை நினைத்துப்பாருங்கள். ஒரே மேளம், ஒரே அடி. எல்லாருடைய காலும் ஒன்றாகத் தரையில் படும்போது சத்தம் திடலெங்கும் கேட்கும். இப்போது வரிசைக்கு நடுவே யாரோ வேறு தாளத்தில் மேளம் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அடி தவறுவார்கள். அப்படி நாலைந்து பேர் ஆங்காங்கே அடித்தால்? சில நொடிகளில் அணிவகுப்பே கலைந்துவிடும். கால்கள் இன்னும் நடக்கின்றன, ஆனால் ஒன்றாகக் கேட்ட அந்தச் சத்தம் மறைந்துவிடும்.

இரும்பு செய்வது இதைத்தான். உறுப்பில் சேர்ந்த இரும்புத் துகள்கள் தம்மைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கொஞ்சம் மாற்றிவிடுகின்றன. பக்கத்திலுள்ள புரோட்டான்களின் தாளம் மாறுகிறது. சமிக்ஞை வேகமாக மங்குகிறது. படத்தில் அந்த உறுப்பு கறுப்பாகத் தெரிகிறது. ஆக, கருவி இரும்பை நேரடியாகப் பார்ப்பதில்லை. இரும்பு ஏற்படுத்தும் குழப்பத்தைப் பார்க்கிறது.

ஒரே மூச்சில் எட்டுப் படங்கள்

‘கறுப்பாக இருக்கிறது’ என்றால் போதாது. எவ்வளவு என்று எண்ணில் சொல்ல வேண்டும். படிவம் 3-இல் கதிரியக்கத்தின் அரை ஆயுள் படித்தீர்கள் அல்லவா? பாதியாகக் குறைய ஆகும் நேரம் அது. இங்கும் அதே கருத்துதான். சமிக்ஞை தன் தொடக்க அளவில் 37 விழுக்காடாகக் குறைய ஆகும் நேரத்துக்கு ‘டி2 ஸ்டார்’ என்று பெயர். மில்லி வினாடியில், அதாவது ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில், அதை அளக்கிறார்கள்.

நோயாளி கருவிக்குள் படுத்துக்கொள்கிறார். இதயத் துடிப்போடு கருவியை இணைக்கிறார்கள். “மூச்சை இழுத்துப் பிடியுங்கள்” என்கிறார் கதிரியக்கத் தொழில்நுட்பர். அந்த ஒரு மூச்சுக்குள் எட்டுப் படங்கள் எடுக்கப்படுகின்றன. முதல் படம் ஏறத்தாழ 2 மில்லி வினாடியில், கடைசிப் படம் ஏறத்தாழ 18 மில்லி வினாடியில். இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கு நடுவிலுள்ள தசைச்சுவரைத்தான் அளப்பார்கள். மற்ற பகுதிகளுக்கு அருகே நுரையீரலின் காற்று இருப்பதால் அங்கே காந்தப்புலம் இரும்பில்லாமலேயே குழம்பும்.

எட்டுப் படங்களிலும் அந்தச் சுவரின் வெளிச்சத்தை அளந்து வரைபடத்தில் புள்ளி வைத்தால் இறங்கும் வளைகோடு கிடைக்கும். மெதுவாக இறங்கினால் இரும்பு குறைவு. செங்குத்தாக விழுந்தால் இரும்பு அதிகம். டி2 ஸ்டார் 36 மில்லி வினாடி என்றால் 18-ஆவது மில்லி வினாடியிலும் 61 விழுக்காடு வெளிச்சம் மிச்சமிருக்கும். அது 6 மில்லி வினாடி என்றால் அதே நேரத்தில் 5 விழுக்காடுதான் மிஞ்சும்.

இதயத்துக்கான அளவுகோலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்:

20 மில்லி வினாடிக்கு மேல்: இதயத்தில் குறிப்பிடத்தக்க இரும்பு இல்லை.
10 முதல் 20 வரை: இரும்பு சேரத் தொடங்கிவிட்டது; கவனம் தேவை.
10-க்குக் கீழ்: கடுமையான சேர்க்கை, உடனே சிகிச்சையைத் தீவிரப்படுத்த வேண்டும்.

எண் குறையக் குறைய ஆபத்து கூடும். தேர்வு மதிப்பெண்ணைப் போல இங்கும் எண் உயர்ந்தால்தான் நல்லது.

லண்டனில் கிடைத்த விடை

லண்டன் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனையில் லிசா ஆண்டர்சன், டட்லி பென்னல் குழுவினர் 106 தாலசீமியா நோயாளிகளை இம்முறையில் ஆராய்ந்து 2001-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மருத்துவ உலகை யோசிக்கவைத்த செய்தி ஒன்று அதில் இருந்தது. கல்லீரலில் உள்ள இரும்பின் அளவும் ஃபெரிட்டின் அளவும் இதயத்தில் உள்ள இரும்பின் அளவோடு பொருந்திப் போகவில்லை. கல்லீரல் சுத்தமாக இருப்பவரின் இதயத்தில் இரும்பு நிறைந்திருக்கலாம். கல்லீரலை மட்டும் பார்த்து ‘நன்றாக இருக்கிறீர்கள்’ என்று வீட்டுக்கு அனுப்பினால் அது தவறாகிவிடலாம்.

2009-இல் 652 நோயாளிகளின் தரவுகளை ஆராய்ந்தபோது இன்னொன்று தெளிவானது. இதயச் செயலிழப்புக்கு ஆளானவர்களின் படங்களில் 98 விழுக்காட்டில் டி2 ஸ்டார் 10-க்குக் கீழே இருந்தது. 6-க்கும் கீழே இறங்கியவர்களில் 47 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் இதயம் செயலிழந்தது. புயல் வருவதற்கு முன்பே எச்சரிக்கும் வானிலை அறிக்கைபோல ஓர் எண் கிடைத்துவிட்டது.

பிரிட்டனில் தாலசீமியா மேஜர் நோயாளிகளிடையே இரும்பால் நேரும் மரண விகிதம் 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு, அதற்கு முந்திய 20 ஆண்டுகளோடு ஒப்பிடுகையில், சுமார் 71 விழுக்காடு குறைந்தது. படம் எடுத்து, ஆபத்தானவரை முன்கூட்டியே அடையாளம் கண்டு, சிகிச்சையை மாற்றியதற்கு இதில் பெரும் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கல்லீரலுக்கும் இப்போது ஊசி தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உருவான முறையில், காந்தப் படத்திலிருந்தே கல்லீரலின் ஒவ்வொரு கிராமிலும் எத்தனை மில்லிகிராம் இரும்பு என்று கணக்கிட முடிகிறது.

படம் மருந்தாகாது

பல ஆண்டுகளுக்கு முன் நான் பாடம் நடத்திய மாணவர் ஒருவர் ஏறக்குறைய மாதம் ஒரு நாள் பள்ளிக்கு வரமாட்டார். மறுநாள் கன்னம் சிவந்து, சுறுசுறுப்பாக வருவார். இரத்தம் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். படிவம் 5 முடிந்து கல்லூரிக்குப் போனதும் மருந்தை அவ்வப்போது விட்டுவிட்டார். ‘உடம்பு நல்லாத்தானே இருக்கு’ என்ற நினைப்பு. நண்பர்களுக்கு முன் மருந்து சாப்பிடக் கூச்சம் வேறு. வழக்கமான பரிசோதனையில் இதயப் படம் எடுத்தபோது டி2 ஸ்டார் 9 என்று வந்தது. அன்றுகூட அவர் படியேறித்தான் போயிருக்கிறார், மூச்சு வாங்கவில்லை.

“சார், எண்ணைப் பார்த்த அன்னிக்குத்தான் பயந்தேன்” என்று பின்னர் என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து மருந்தைத் தவறவிடவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து எண் 17-க்கு ஏறியது. இதயத்திலிருந்து இரும்பு மிக மெதுவாகத்தான் வெளியேறும். கல்லீரலைவிட அதற்குக் காலம் அதிகம் பிடிக்கும். ஆனாலும் வெளியேறும்.

அவர் சாப்பிட்டது இரும்பைப் பிடித்து வெளியேற்றும் மருந்து. டெஃபெராக்சமின் என்ற மருந்து மண்ணில் வாழும் ஒரு வகைப் பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. தோலுக்கடியில் சிறு ஊசி பொருத்தி, ஒரு பம்பு மூலம் இரவில் 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் 5 நாளாவது செலுத்த வேண்டும். பின்னர் வாயால் உட்கொள்ளும் டெஃபெரிப்ரோன், டெஃபெராசிராக்ஸ் ஆகியவை வந்தன. எந்த மருந்து, எவ்வளவு, இரண்டைச் சேர்த்துக் கொடுக்கலாமா என்பதை முடிவுசெய்ய மருத்துவருக்குக் காந்தப் படத்தின் எண் வழிகாட்டுகிறது. மருந்தை விழுங்க வேண்டியது நோயாளிதான்.

உங்கள் கையில் உள்ள படிவம்

நம் நாட்டில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் தாலசீமியா கடத்தி என்று சொல்லப்படுகிறது. மலாய்க்காரர், சீனர், சபா மாநிலப் பூர்வகுடியினரிடையே இது அதிகம். இந்தியர்களிடையே குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ‘நமக்கெல்லாம் இது வராது’ என்று வீட்டில் யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கடத்திக்கு எந்த அறிகுறியும் இருக்காது. கடத்திகள் இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 விழுக்காடு, கடத்தியாக 50 விழுக்காடு, எதுவும் இல்லாமல் பிறக்க 25 விழுக்காடு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்தால் அடுத்த மூவருக்கு வராது என்று பொருளல்ல. நாணயத்துக்கு நினைவாற்றல் கிடையாது.

கடத்தியின் சிவப்பணுக்கள் இயல்பைவிடச் சிறியவை. இரும்புக் குறைபாட்டிலும் அப்படித்தான் இருக்கும். அதனால் கடத்தி ஒருவரைச் ‘சத்துக் குறைவு’ என்று தவறாக நினைத்து, தேவையில்லாமல் இரும்பு மாத்திரை சாப்பிடவைப்பதும் நடக்கலாம். சரியான பரிசோதனை இருந்தால் இந்தக் குழப்பமும் தீரும்.

2016 முதல் படிவம் 4 மாணவர்களுக்குப் பள்ளியின் வழியாகவே இந்தப் பரிசோதனை நடத்தப்படுகிறது. கையிலிருந்து கொஞ்சம் இரத்தம், சில நிமிடம். பெற்றோர் கையொப்பம் வேண்டும். முடிவு ‘கடத்தி’ என்று வந்தால் அது அவமானமுமல்ல, நோயுமல்ல; காதலிக்கவோ மணக்கவோ தடையுமல்ல. எதிர்காலத்தில் உங்கள் துணையையும் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும் என்ற தகவல், அவ்வளவுதான்.

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருகிறேன். “ரத்தம் ஏத்திக்கிட்டா சரியாப் போயிடும்தானே?” தம்பி, இரத்தம் உயிரைக் காக்கிறது. இரும்பை மருந்து வெளியேற்றுகிறது. காந்தம் இரண்டையும் கண்காணிக்கிறது. இவை மூன்றும் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். நீங்கள் கையில் வைத்திருக்கும் அந்த ஒரு தாள், நாளை பிறக்கப்போகும் ஒரு குழந்தைக்கு இந்த மூன்றுமே தேவைப்படாமல் செய்யலாம். அதைப் புத்தகப் பைக்குள் மடித்து மறந்துவிடாமல், இன்றிரவே அம்மா அப்பாவிடம் காட்டுங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒருவருக்கு 3 வாரங்களுக்கு ஒரு முறை 2 பை இரத்தம் ஏற்றப்படுகிறது. 51 வாரங்களில் உடலில் சேரும் இரும்பு எத்தனை கிராம்?

2. இதயத்தின் டி2 ஸ்டார் அளவு நோயாளி ‘அ’-வுக்கு 28, ‘ஆ’-வுக்கு 8. இருவரின் ஃபெரிட்டின் அளவும் ஒன்றே. யாருக்கு உடனடிக் கவனம் தேவை? ஏன்?

3. தந்தை கடத்தி, தாய்க்குப் பழுது எதுவும் இல்லை. குழந்தைக்குத் தாலசீமியா மேஜர் வருமா? கட்டம் வரைந்து விளக்குங்கள்.

விடைகள்: 1) 17 முறை × 400 மில்லிகிராம் = 6.8 கிராம். 2) ‘ஆ’, 10-க்குக் கீழ் என்றால் இதயத்தில் கடுமையான இரும்புச் சேர்க்கை. ஃபெரிட்டின் அதைக் காட்டாது. 3) வராது, ஆனால் ஒவ்வொரு குழந்தையும் கடத்தியாக 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு.